வீட்டு ஜெபக்கூட்டத்தில் பத்துக் கட்டளைகளை அன்போடு சேர்த்துப் படிப்பது எப்படி?

பத்துக் கட்டளைகளையும் ஒரே மாலையில் முடித்துவிடப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும். எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம். திருப்பூர், பல்லடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலைதான் தோதுப்படும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீடு வந்து சேரவே நேரமாகிவிடுகிறது.

முதல் வாரம் எந்தக் கட்டளையையும் எடுக்க வேண்டாம். யாத்திராகமம் 20:2 மட்டும் வாசியுங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்களை மீட்ட பிறகுதான் கடவுள் கட்டளை தருகிறார். கைக்கொண்டால் மீட்பேன் என்று அவர் பேரம் பேசவில்லை. இது மனதில் பதியாவிட்டால், அடுத்த பத்து வாரமும் தண்டனைக்குப் பயந்து கேட்கும் பாடமாகிவிடும். பிறகு மத்தேயு 22:37-40. கடவுளை நேசி, உன்னைப்போலப் பிறனையும் நேசி என்று இயேசு அங்கே சொல்லும் இரண்டுமே பழைய நியாயப்பிரமாணத்தில் (மோசே தந்த சட்டத்தில்) உள்ளவை: உபாகமம் 6:5, லேவியராகமம் 19:18.

இரண்டாம் வாரத்திலிருந்து, அன்றைய கட்டளையை இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தக் கட்டளை இல்லீன்னா ஆருங்க அடிபடுவாங்க?” கேட்டபின் சும்மா இருங்கள். நடத்துபவரே பதில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. இதற்கு இருபது நிமிடம் விடலாம்.

அடுத்த இருபது நிமிடம், அதே கட்டளையை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவரும் சிறு சட்டம் ஒன்றை வாசியுங்கள். பாடத்தின் உயிரே இங்கேதான். ‘கொலை செய்யாதே’ என்றதும் எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள், நாம் யாரையும் கொல்லவில்லையே என்று. உபாகமம் 22:8 வாசியுங்கள்: மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல். இப்போது ரோட்டோரத் தோட்டத்தில் சுவரில்லாத கிணறும், மூடாமல் விட்ட போர்வெல் குழியும் தானாகப் பேச்சுக்கு வரும்.

‘களவு செய்யாதே’க்கு உபாகமம் 24:15. கூலியைப் பொழுது சாயும்முன் கொடுக்க வேண்டும்; அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. அதே அதிகாரம் 6-ம் வசனம், மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது என்கிறது; அது பிழைப்பையே அடகு வாங்குவது. கடன் பாக்கிக்காகத் தையல் மிஷினைத் தூக்கிப்போவது இதே குற்றம்தான். மஞ்சள், கொப்பரை வியாபாரிகள் இருந்தால் லேவியராகமம் 19:35-36ஐயும் சேருங்கள். அது எடையும் தராசும் பற்றியது.

ஓய்வுநாளுக்கு உபாகமம் 5:14-15. வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பது அதில் உள்ள காரணம். நாம் ஆராதனைக்குப் போகும் நாளில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு லீவு உண்டா என்று நேராகவே கேளுங்கள். பெற்றோர் வாரத்துக்கு மாற்கு 7:9-13: காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கண்டிக்கிறார்.

கடைசிப் பத்து நிமிடம், ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் தாம் செய்யப்போகும் ஒரு காரியத்தை எழுதட்டும். யாருக்கு, என்ன, எந்த நாளுக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும். ‘எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்’ என்றால் திருப்பிக் கொடுங்கள். ‘சித்தாளுக்குப் பாக்கி 600 ரூபாய், வெள்ளிக்குள்’ என்றால் சரி. சீட்டை உரக்க வாசிக்கச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

கூட்டம் கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. அன்பு இருந்தால் போதும், கட்டளை எதற்கு என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ரோமர் 13:8-10ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் அன்பைச் சொல்லும்போதே கட்டளைகளையும் பெயர் சொல்லி அடுக்குகிறார். விபசார வாரத்தில் ஊரார் கதை தலைதூக்கினால் உடனே நிறுத்துங்கள். கணவனிடம் அடிபடும் பெண்ணுக்குப் பொறுத்துப்போகச் சொல்லிக் கட்டளையைக் காட்டுவது பெரும் பாவம். அவரிடம் ஒரு பெண் தனியாகப் பேசட்டும், 181 உதவி எண்ணையும் கொடுக்கட்டும்.

கத்தோலிக்கரும் வந்தால் கட்டளையை எண் சொல்லிக் குறிப்பிடாதீர்கள். களவு அவர்களுக்கு ஏழாவது, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருக்கு எட்டாவது; இதைத் தீர்ப்பதிலேயே கால்மணி நேரம் போய்விடும்.

‘இச்சியாதே’ வாரத்தில் மட்டும் சீட்டு வேண்டாம். பங்காளியின் தோட்டமோ காரோ கண்ணை உறுத்தினால், அவர் பெயரைச் சொல்லி அவருக்கு நன்மை கேட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் மௌனமாக ஜெபிக்கட்டும்.