சிங்கப்பூரில் வீடு தேடும் மதுரைப் பக்கத்துத் தம்பிகளுக்கு: டெபாசிட் கட்டும் முன் கோட்டாவைப் பாருங்கள்

சர்க்கார் வேலைகளை முதலில் முடித்துவிடுவோம். ஐபிஏ கடிதம் (வேலை பாஸுக்கான முன் ஒப்புதல்) கையில் இருக்கும். மெடிக்கல் கேட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகையும் போட்டோவும் கொடுத்தால் கார்டு வரும். அதிலுள்ள ஃபின் எண்ணை, அதாவது வெளிநாட்டவர் அடையாள எண்ணை, மனப்பாடம் பண்ணிக்கொண்டு சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கு), வங்கிக் கணக்கு, சிம் என்று வரிசையாகப் போங்கள். கம்பெனிக்காரர்களே வழி சொல்லுவார்கள். இந்தக் கட்டத்தில் சிக்கல்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கைரேகை என்றதும் ஒன்று நினைவு வருகிறது. என் அக்கா மகன் போன வருடம் கிளம்பினான். கார்டுக்கு ரேகை கொடுத்துவிட்டு வந்ததை போனில் சொன்னான். உசிலம்பட்டியில் இருக்கும் என் அம்மா, "எதுக்குடா ரேகை வச்ச? நாம என்ன களவாணிப் பயலுகளா?" என்று ஒரே சத்தம். எங்கள் பக்கத்தில் இது சிரிக்கிற விஷயமில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று வெள்ளைக்காரன் ஒன்று வைத்திருந்தான். பிறந்த சாதியை வைத்தே ஒரு ஆளைக் குற்றவாளி என்று ஏட்டில் ஏற்றிவிடும். ரேகை பதிய மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. அதைக் கேட்டே வளர்ந்தவர் என் அம்மா. "பாட்டி, அங்க எல்லாரும்தான் வைக்கணும், சாதி பார்த்து இல்ல" என்று அவன் எவ்வளவோ சொன்னான். அவர் இன்னும் நம்பவில்லை.

சிங்கப்பூரில் ஆளை வகை பிரிப்பதை ஒளித்துச் செய்வதில்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பெட்டி. குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கியவர்களுக்கும் அடையாள அட்டையிலேயே இனம் அச்சாகியிருக்கும். 2020 கணக்கெடுப்பில் இந்த இரு வகையினரையும் சேர்த்துச் சீனர் 74.3 சதவீதம், மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம் என்றால் 2011 முதல் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் வீடு வாங்கும் கோட்டாவுக்கு முதலில் எழுதியதுதான் கணக்கு.

நம் ஊரில் இப்படி நேராகக் கேட்கிற வழக்கம் கிடையாது, அவ்வளவுதான். அண்ணாநகர்ப் பக்கம் மாடி போர்ஷன் பார்க்கப் போயிருப்பீர்களே. ஓனரம்மா முதலில் தண்ணீர் கொடுப்பார். "சொந்த ஊர் எது தம்பி?" உசிலம்பட்டி என்றால் ஒரு பார்வை. "உசிலம்பட்டியில எந்தப் பக்கம்?" அதிலும் பிடிபடவில்லை என்றால், "குலசாமி எங்க இருக்கு?" சாமி பெயரைச் சொன்னதும் முடிந்தது. "வீடு நேத்தே பேசி முடிச்சாச்சுப்பா, போர்டைக் கழட்ட மறந்துட்டோம்." சாதி என்ற சொல்லே வாயில் வராமல் ஆளை அனுப்பிவிடுவார்கள். இதில் ஊறிப்போனவர்கள்தான் சிங்கப்பூர் போய் இறங்கியதும் "ஃபார்ம்ல ரேஸ் கேக்குறாய்ங்கடா" என்று கொதிக்கிறார்கள். கேட்டால் 'இந்தியன்' என்று எழுதிவிட்டுப் போங்கள். அந்தக் கட்டத்தில் பிசி, எம்பிசி என்று எழுதியவரையும் எனக்குத் தெரியும், பட்டம் படித்தவர்.

இன்னொரு எரிச்சலும் வரும். மாட்டுத்தாவணியில் பீகார்ப் பையன்களைப் பார்த்தால் 'வடக்கன்ஸ்' என்று இளிக்கிறோம் இல்லையா, அங்கே அவர்களும் நாமும் ஒரே பெட்டி. வீட்டு விளம்பரத்தில் 'இந்தியர் வேண்டாம்' என்று போட்டால் இருவருக்கும் சேர்த்துத்தான். கேட்டால் சமையல் வாசனை என்பார்கள். நம் ஊர் 'சைவம் மட்டும்' போர்டுதான் அது. சண்டைக்குப் போகாமல் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.

இப்போது பணம் போன கதை.

அக்கா மகனும், அவனோடு வேலை பார்க்கும் மேலூர்ப் பையனும், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழன் ஒருவனும் சேர்ந்து முழு வீடு பார்த்தார்கள். உட்லண்ட்ஸில் ஒரு வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது, மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஈப்போக்காரன் கெட்டிக்காரன், மலாயும் ஆங்கிலமும் கலந்து ஏஜென்டிடம் அவனே பேசினான். என்ன இனம் என்று கேட்டார்கள், இந்தியர் என்றான். ஓனருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இனம் கேட்டாயிற்று, சரி என்றாயிற்று, இனி என்ன தடை என்று இவர்களுக்கு ஒரே தெம்பு. அன்றைக்கே லெட்டர் ஆஃப் இன்டென்ட் (ஒப்பந்தத்துக்கு முந்தைய சம்மதக் கடிதம்) கையெழுத்துப் போட்டு ஒரு மாத வாடகையை டெபாசிட்டாக ஓனர் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாஸ்போர்ட் நகல் கேட்டது அதற்கப்புறம்தான். ஓனர் வீவகவில் விண்ணப்பித்தார், அனுமதி கிடைக்கவில்லை. அந்த புளோக்கில் வெளிநாட்டவர் கோட்டா நிரம்பிவிட்டது. ஓனர் என்ன சொன்னார் தெரியுமா? "மூணு பேரும் மலேசியான்னு நினைச்சேன், உங்களுக்காக வேற ஆளை வேண்டாம்னு சொல்லிட்டேன், டெபாசிட் வராது." கையெழுத்துப் போட்ட தாளில் வாடகைக்காரர் பின்வாங்கினால் பணம் போகும் என்று இருந்தது. வீவக மறுத்தால் என்ன என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. கெஞ்சிக் கூத்தாடி பாதி வந்தது. மீதி 1,500 வெள்ளி போனது போனதுதான். அக்கா அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, "நீ அத்தனை வருசம் அங்க குப்பை கொட்டுனியே, இதைச் சொல்லக் கூடாதா?" என்று பிடித்த பிடியில்தான் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை எங்கே என்னைக் கேட்டான்? மூன்றாம் நாள்தான் "மாமா, ஒரு சின்னப் பிரச்சினை" என்று கூப்பிட்டான்.

விதி இதுதான். முழு வீவக வீட்டை வாடகைக்கு விடும்போது இனம் கணக்கில் வராது, எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கணக்கு. 2014 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்குப் பேட்டை அளவில் 8 சதவீதம், புளோக் அளவில் 11 சதவீதம் உச்சவரம்பு. அது நிரம்பிவிட்டால் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோ மட்டும்தான் விடலாம். பிஆர் வாங்கியிருந்தாலும் நீங்கள் இந்தக் கணக்குக்குள்தான். மலேசியர்கள் பண்பாட்டிலும் வரலாற்றிலும் சிங்கப்பூரருக்கு நெருங்கியவர்கள் என்பது அரசு சொல்லும் காரணம்.

அந்த ஈப்போப் பையனின் பாட்டனார் ரப்பர் தோட்டத்துக்குப் போனது மானாமதுரைப் பக்கத்திலிருந்து. இங்கே அவர்கள் வகையில் இன்னும் பொங்கலுக்குப் போன் பேசுகிறார்கள். அவனும் நம்மைப் போல மீன்குழம்பைப் பிசைந்து அடிக்கிறவன்தான், தமிழும் நம் பையன்களைவிடச் சுத்தம். ஆனாலும் அவன் உள்ளே, மேலூர்க்காரன் வெளியே. எனக்கு இது இன்றும் செரிக்கவில்லை. ஆனால் செரிக்காததற்கும் டெபாசிட்டுக்கும் சம்பந்தமில்லை. மனதில் ஓனர் போடும் வடிகட்டி இனம், வீவக போடும் வடிகட்டி பாஸ்போர்ட். ஒன்றில் தேறிவிட்டோம் என்று இரண்டாவதை மறக்காதீர்கள்.

ஆகவே ஏஜென்டிடம் பேசும்போது முதல் வாக்கியமே எல்லார் குடியுரிமையும் என்ன வேலை பாஸ் என்பதும்தான். அதை எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதும். ஒரு சில்லறைக் காசு அனுப்பும் முன் அந்த புளோக்கின் கோட்டாவை ஓனரைப் பார்க்கச் சொல்லி அதன் படத்தை வாங்குங்கள். மாதம் பிறந்த முதல் தேதியில் கணக்கு புதுப்பிக்கப்படும், ஆகவே 28ஆம் தேதி எடுத்த படத்தை நம்பி 2ஆம் தேதி பணம் கட்டாதீர்கள். லெட்டர் ஆஃப் இன்டென்டில் 'வீவக அனுமதி மறுத்தால் டெபாசிட் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்த வீடு வேண்டாம். ஓனர் குடிமகனா என்றும் கேளுங்கள், பிஆர் ஓனர் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. வாடகைப் பணம் ஏஜென்ட் கைக்குப் போகவே கூடாது, அதற்குச் சட்டமே இருக்கிறது. அவருடைய பதிவு எண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் இணையப் பட்டியலில் சரிபாருங்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை மாதிரி வேலைகளுக்கு வொர்க் பெர்மிட்டில் போகும் தம்பிகள் முழு வீட்டு ஆசையே வைக்க வேண்டாம், மலேசியர் அல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது. ஓனரோடு சேர்ந்து ஒரு அறை மட்டும் எடுத்தால் இந்தக் கோட்டா பொருந்தாது. என் மருமகனும் மேலூர்ப் பையனும் கடைசியில் அப்படித்தான் ஒதுங்கினார்கள்.

அந்த அறையில் இருந்தது ஒரே இரட்டைக் கட்டில். நம் ஊர் மேன்ஷனில் ஒரு பாயில் மூன்று பேர் படுப்போம், தோளில் கை போட்டுக்கொண்டு டவுன் ஹால் ரோடு முழுக்க நடப்போம், திரும்பிப் பார்க்க ஆளில்லை. இதே ஒரு பையனும் பெண்ணும் வீடு கேட்டு வந்தால்தான் கல்யாணப் பத்திரிகையைக் கேட்பார்கள். அங்கே ஓனரம்மா இவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நீங்கள் ஜோடியா, எனக்கு ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டேன் என்றாராம். மேலூர்க்காரனுக்கு ரத்தம் தலைக்கேறி, அறையே வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கிவிட்டான். கேட்டதில் என்ன குறைந்துவிட்டது? இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு சிங்கிள் கட்டில் கேட்க வேண்டியதுதான். ஆமாம் என்கிறவர்கள் இதைப் படித்தால், தைரியமாக ஆமாம் என்று சொல்லிக் கேட்கலாம்.

இதிலும் சட்டம் ஒரு மாதிரி, நடப்பு ஒரு மாதிரி. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவு, வெள்ளைக்காரன் இரண்டு ஊருக்கும் கொடுத்துவிட்டுப் போனது அதே 377. இங்கே 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்கள் விருப்பப்பட்டு இருப்பதைக் குற்றத்திலிருந்து எடுத்தது. அங்கே ஆண்களுக்கு மட்டுமான 377ஏ 2023 ஜனவரி 3 முதல் இல்லை. ஆனால் அதோடு கூடவே, கல்யாணம் என்றால் ஆண் பெண் என்ற வரையறைக்கு நீதிமன்றத்தில் ஆபத்து வராதபடி அரசியல் சட்டத்தையும் திருத்திக்கொண்டார்கள். வீவகவில் அது தெளிவாகத் தெரியும். கல்யாணம் கட்டப்போகும் இளஞ்ஜோடி வீட்டுக்குப் பதியலாம், ஒரே பாலின ஜோடி குடிமக்களாகவே இருந்தாலும் 35 வயது வரை காத்திருந்து 'தனியாள்' கணக்கில்தான் வாங்க முடியும். திருநங்கைகள் விஷயத்தில் அவர்கள் 1996லேயே சட்டத்தைத் திருத்தி, சிகிச்சை செய்துகொண்டவரின் கல்யாணம் செல்லும் என்றார்கள், அடையாள அட்டையில் என்ன பால் என்று இருக்கிறதோ அதன்படி. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிய மறுத்தபோது, 'மணமகள்' என்றால் திருநங்கையும்தான் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது நம் ஒத்தக்கடைப் பக்கத்து உயர் நீதிமன்றக் கிளை. மதுரைக்காரன் என்று அங்கே கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஜிகர்தண்டா மட்டும் போதாது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடம் வரும். எனக்குத் தெரிந்த சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று, மஹால் பக்கத்துக்காரர்கள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், படித்தது தமிழ். குஜராத்தி எடுக்கலாமே என்று யாரோ யோசனை சொல்ல, அந்த அக்கா, "நானூறு வருசத்துக்கு முன்னாடி விட்டுட்டு வந்த ஊரை இவன் எதுக்கு இப்ப படிக்கணும்?" என்று தமிழைப் போட்டுவிட்டார். பையன் நன்றாக எழுதுகிறான்.

பிஆர் வாங்கி வீவக வீடே வாங்கப் போகிறவர்கள் கவனம், அங்கே மட்டும் இனம் மறுபடி வந்து நிற்கும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு உச்சவரம்பு, 1989 முதல் உள்ள ஏற்பாடு. 2010 முதல் இந்தியரும் மற்றவரும் சேர்ந்து பேட்டையில் 12, புளோக்கில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் உங்கள் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்க ஆள் குறைவு, விலையும் அடி வாங்கும். வாங்கும்போது யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

அப்புறம், அங்கே போயும் புதிதாக வரும் நம் பையனிடம் குலசாமி கேட்கிற வேலை வேண்டாம். கேட்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், லிட்டில் இந்தியாவின் டெக்கா சென்டரில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டூட்டி கட்ட வேண்டும், அது வாடகைக்காரர் செலவு, மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 1,000 வெள்ளி வாடகையில் ஒரு வருடத்துக்கு எடுத்தால் 48 வெள்ளி. அறை வாடகைக்கும் உண்டு. இணையத்திலேயே கட்டி ரசீதை எடுத்து வையுங்கள்.