பளபள டீசல் எஞ்சினை உழைச்சுக் களைச்ச எஞ்சினா மாத்தலாம் வாங்க

டப்பாவுல இருந்து எடுக்கிற மாடல் ரயில் எஞ்சின் எப்பவும் புதுப்பொண்ணு மாதிரி மினுமினுன்னு இருக்கும், ஆனா ஃபேக்டரி சைடிங்லயும் (பக்கத்துல பிரியுற கிளைப் பாதை) குவாரியிலயும் நாள் பூரா வேகன் தள்ளுற டீசல் எஞ்சின் அப்படியா இருக்கும்? கரி, எண்ணெய், துரு, பூட்ஸ் தேய்ச்ச படிக்கட்டு, இதெல்லாம்தான் அதோட அழகே. முதல் தடவை செய்றவங்களுக்காக நான் செய்ற வரிசையிலயே சொல்றேன்.

உதாரணத்துக்கு ஜெனரல் எலக்ட்ரிக் 44 டன்னர், ஹெச்ஓ ஸ்கேல், அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு. அமெரிக்காவுல 1940ல இருந்து 1956 வரைக்கும் தயாரிச்ச வண்டி. நடுவுல கேபின், முன்னாடியும் பின்னாடியும் தாழ்வா ஹூட், அதாவது எஞ்சினை மூடுற பெட்டி, ரெண்டுலயும் தனித்தனியா டீசல் எஞ்சின். அது ஏன் கணக்கா 44 டன்? ரயில் கம்பெனிகளும் தொழிலாளர் சங்கங்களும் 1937ல போட்ட ஒப்பந்தப்படி 90,000 பவுண்டும் அதுக்கு மேலயும் இருக்கிற வண்டியில டிரைவர் கூட ஃபயர்மேனும் (டிரைவரோட உதவியாளர்) இருந்தாகணும்னு அப்போ விதி, அமெரிக்க டன் 2,000 பவுண்டு, 44 டன்னுங்கறது 88,000 பவுண்டு, அதனால ஒரே ஆளு ஓட்ட முடிஞ்சுது. இதை ஏன் சொல்றேன்னா நிஜ வண்டியைப் பத்தித் தெரிஞ்சாதான் அழுக்கை எங்க வைக்கணும்னு தெரியும். ரெண்டு ஹூட்லயும் எஞ்சின் இருக்கு, அப்போ புகைக்கரியும் ரெண்டு பக்கமும் வரணும்.

முதல் வேலை, கத்தியைத் தொடறதுக்கு முன்னாடி வண்டியை டிராக்ல ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடுதுன்னா பாடியைக் கழட்டி, கழட்டக் கழட்ட போட்டோ எடுத்துக்கோங்க, ஸ்க்ரூவெல்லாம் ஒரு மூடி போட்ட டப்பாவுல. கண்ணாடி ஜன்னலையும் இப்பவே எடுத்துடுங்க. பாடியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கழுவிக் காயவைங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பெயிண்ட் பிடிக்காது.

அடுத்தது கைப்பிடிக் கம்பி. முழு வேலையில நேரம் எடுக்கிறதும் இதுதான், வண்டியோட முகத்தையே மாத்துறதும் இதுதான். நிஜத்துல 30 மி.மீ தடிமன் பைப்னா நம்ம ஸ்கேல்ல 0.35 மி.மீ வருது. பிளாஸ்டிக்ல வார்த்த கம்பி 0.8 மி.மீ இருந்துச்சுன்னா அது நிஜத்துல 7 சென்டிமீட்டர் பைப், எந்த மனுஷன் கையிலயும் அடங்காது, அதான் பாத்த உடனே பொம்மைன்னு தெரிஞ்சுடுது. பழசைக் கூர்மையான பிளேடால கொஞ்சம் கொஞ்சமா சீவுங்க, ஒரே இழுப்புல எடுக்கப் பாத்தா பாடியில பள்ளம் விழும். துளை போட வேண்டிய இடத்துல முதல்ல ஊசி முனையால ஒரு புள்ளி குத்திக்கோங்க, இல்லைன்னா ட்ரில் வழுக்கிக்கிட்டு ஓடும். 0.4 மி.மீ பிட்டைக் கை ட்ரில்ல மாட்டி விரலாலயே சுத்துங்க, மோட்டார் ட்ரில் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிடும். 0.35 பித்தளைக் கம்பியை ஒரே அளவுல வளைக்க, 5 மி.மீ அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு வெட்டி வச்சுக்கிட்டு அது மேலேயே மடக்கினா எல்லாம் அச்சு வார்த்த மாதிரி வரும். கம்பியைச் சொருகிட்டு அடியில ஒரு கெட்டி அட்டைத் துண்டை வச்சு இடைவெளி பிடிச்சுக்கோங்க, சூப்பர் க்ளூவை உள்பக்கமா மட்டும் ஒரு துளி.

ஹாரன், பிரேக் ஹோஸ் (வண்டி முனையில தொங்குற பிரேக் குழாய்), பெல் எல்லாம் இதே மாதிரிதான். லைட் போடறதா இருந்தா 12 வோல்ட்டுக்கு ஒவ்வொரு எல்இடிக்கும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் கண்டிப்பா வேணும்.

பெயிண்ட்டுக்கு முதல்ல கிரே பிரைமர், மெலிசா ரெண்டு கோட். மஞ்சள் கறுப்புப் பட்டை அடிக்கிறீங்கன்னா மஞ்சளுக்கு அடியில வெள்ளை அடிங்க, அப்பதான் பளிச்னு வரும். மஞ்சள் நல்லாக் காய்ஞ்சதும் டேப் ஒட்டி, டேப் ஓரத்துல மறுபடி மெலிசா மஞ்சளையே தடவி, அதுக்கப்புறம் கறுப்பு அடிச்சீங்கன்னா கோடு கத்தியால வெட்டின மாதிரி இருக்கும். நம்பர் டெக்கல் (மெலிசான ஸ்டிக்கர்) ஒட்டற இடத்துல பளபளக்கிற க்ளாஸ் வார்னிஷ், ஒட்டினப்புறம் மொத்தமா பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

இப்போ அழுக்கு. தண்ணியா கரைச்ச கரும்பழுப்பு பெயிண்ட்டை கிரில்லுக்குள்ள ஓடவிட்டு, மேல இருக்கிறதைத் துடைச்சிடுங்க. புகைபோக்கியைச் சுத்தி கறுப்பு பவுடர், டீசல் ஊத்தற வாய்க்குக் கீழ மட்டும் ஈரமா மின்னுற ஒரு கறை, படிக்கட்டு விளிம்புல பெயிண்ட் போயி இரும்பு தெரியற மாதிரி இரும்பு கலர் பெயிண்ட்டை ஸ்பாஞ்சால லேசா ஒத்துங்க. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கணும், காரணமே இல்லாத துரு வேண்டாம்.

ஜன்னலைக் கடைசியா மாட்டுங்க, வெள்ளைப் பசையால. என் முதல் வண்டிக்கு சூப்பர் க்ளூ போட்டு, அதோட ஆவி பட்டு காலையில பாத்தா கண்ணாடி பூரா பனி படிஞ்ச மாதிரி வெளுத்துப்போச்சு, ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

சக்கரத்துல பெயிண்ட், பவுடர் இருந்தா ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைங்க, கரன்ட் எடுக்கிறதே அதுலதான். அப்புறம் ஒரு வேகனை மாட்டி வளைவுல மெதுவா ஓட்டிப் பாருங்க, பிரேக் ஹோஸ் கப்ளர்ல (வேகனை மாட்டுற கொக்கி) இடிச்சுதுன்னா ஒரு மி.மீ வெட்டிடுங்க.