ரயில் பாதைச் சொற்களை ஆங்கிலத்திலிருந்து ஹங்கேரிய மொழிக்குப் பெயர்ப்பது எப்படி?

ரயில் பாதைப் பராமரிப்புக் கையேடு ஒன்றைப் பெயர்த்து முடித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். ஹங்கேரிய இலக்கணம் ஓரளவு தெரிந்து, கலைச்சொற்களில் தடுமாறுகிறவர்களுக்கானது.

முதல் படி: எந்தப் பொருளைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ‘சிலீப்பர்’ என்று அகராதியில் தேடினால் ‘ஹாலோகோச்சி’ கிடைக்கும். அது படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டி. தண்டவாளத்தின் கீழே குறுக்காகக் கிடக்கும் மரக்கட்டை ‘தொல்ப்ஃபொ’. தொல்ப் என்றால் உள்ளங்கால், ஃபொ என்றால் மரம். பெயரிலேயே மரம் இருப்பதால், பொறியியல் ஆவணத்தில் கான்கிரீட் கட்டையைப் ‘பெதோனொய்’ என்றே எழுதுங்கள்.

இரண்டாம் படி: முழு அமைப்பின் பெயரையும் அதன் பகுதிகளின் பெயர்களையும் பிரித்துப் பாருங்கள். இதில்தான் நான் சறுக்கினேன். ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் அமைப்பு முழுவதற்கும் ‘வால்தோ’ என்று எழுதினேன். பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் திருத்துநர் பக்கம் பக்கமாகக் கோடிட்டுத் திருப்பி அனுப்பினார். முழு அமைப்பு, அதாவது டர்ன்அவுட், ‘கிதேரோ’. அதில் நகரும் தண்டவாளங்கள் உள்ள முன்பகுதி மட்டுமே வால்தோ. நகர்வது ‘சூச்ஷீன்’, நுனித் தண்டவாளம். அது போய் ஒட்டிக்கொள்ளும் அசையாத தண்டவாளம் ‘தோஷீன்’. தோ என்றால் அடிமரம். ஒரு தாளில் கிதேரோவைப் படமாக வரைந்து, பகுதிகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் இரு மொழிப் பெயர்களையும் எழுதினேன். குழப்பம் அன்றோடு தீர்ந்தது. எந்த மென்பொருளையும்விட இந்தத் தாளைத்தான் நம்புகிறேன்.

‘கிராசிங்’ என்ற ஒரே சொல் மூன்று இடங்களில் வரும். கிதேரோவின் பின்பகுதி என்றால் ‘கெரெஸ்தெசேஷ்’. இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அமைப்பு ‘ஆத்செலேஷ்’. சாலை குறுக்கிடும் கேட் ‘ஆத்யாரோ’.

‘கேஜ்’ என்பதிலும் கவனம் வேண்டும். இரு தண்டவாளங்களின் இடைவெளி ‘ஞோம்தாவ்’. ஹங்கேரியில் பெரும்பாலும் 1435 மி.மீ. சரக்கு ஏற்றிய வண்டி மீறக்கூடாத அகல உயர வரம்பு ‘ரொக்செல்வேஞ்’. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் கேஜ்தான்.

கடைசிப் படி சரிபார்ப்பு. ஹங்கேரி 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால், ரயில் கட்டமைப்புக்கான 1299/2014 ஒழுங்குமுறை இரு மொழிகளிலும் கிடைக்கிறது. ஒன்றியத்தின் சட்டங்களைத் தொகுத்துத் தரும் யூர்-லெக்ஸ் தளத்தில் அதை அக்கம்பக்கமாகத் திறந்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். ஒன்றியத்தின் ஐயாட்டே கலைச்சொல் வங்கி எனக்கு இரண்டாவது துணை மட்டுமே. அங்கே சொல் தனியாக நிற்கிறது, வாக்கியத்தில் எப்படி வருகிறது என்பது ஒழுங்குமுறையில்தான் தெரிகிறது.

பின்சேர்க்கை: அமெரிக்க ஆவணத்தைப் பெயர்த்த வாசகர் ஒருவருக்கு ‘டை’ கழுத்துப்பட்டியாகவும் ‘ஃபிராக்’ தவளையாகவும் வந்திருக்கின்றன. அமெரிக்கர்களுக்கு டை என்பது சிலீப்பர், ஃபிராக் என்பது கெரெஸ்தெசேஷ். ஆகவே மூல ஆவணம் பிரிட்டனுடையதா அமெரிக்காவுடையதா என்பதை முதல் படிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.