ஏமன் வெள்ளி நகை: பழகியவர்களும் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கழுத்தணி ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார். நடுவில் தாயத்துக் கூடு, இரண்டு பக்கமும் வெள்ளிக் குண்டுகள், இடையிடையே பவளம். எல்லாம் பளபளவென்று இருந்தது. "வாங்கினதும் நல்லாக் கழுவி, புதுசா கோத்துட்டேன் அண்ணே. எந்தக் காலத்துதுன்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏமன் தலைநகர் சனாவில் வேலை பார்த்தபோது நானும் இதையேதான் செய்தேன்.

பித்தளையை வெள்ளி என்று வாங்குவதைப் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

காசில் உள்ள ஆண்டை நம்புவது

ஏமன் நகைகளில் தொங்கும் பெரிய காசு பெரும்பாலும் மரியா தெரசா தாலர், ஆஸ்திரிய அரசி ஒருவர் பெயரில் அடித்த வெள்ளிக் காசு. அதில் 1780 என்று இருக்கும். அந்த அரசி இறந்த ஆண்டு அது. பிறகு அடித்த தாலர்களிலும் அதே ஆண்டைத்தான் போட்டார்கள். 1940-41இல் நம் பம்பாய் நாணயச் சாலையில் அடித்ததிலும் 1780தான். வட ஏமனில் 1960கள் வரை கையில் புழங்கிய காசும் இதுதான், தட்டான் உருக்கிய வெள்ளியும் இதுதான். ஆகவே நகையின் வயதை அது சொல்லாது.

தெற்கே, பிரிட்டிஷார் கையில் இருந்த ஏடன் துறைமுகத்தில் 1951 வரை இந்திய ரூபாய் புழங்கியது. அந்தப் பக்கத்து நகையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918 ரூபாய் இருந்தால், நகை அதற்கு முந்தியது இல்லை என்று சொல்லலாம். அதற்கும் முதலில் காசை மாட்டியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். காசைப் பிறகு மாட்டியிருந்தால் அதுவும் செல்லாது.

925 முத்திரையைத் தேடுவது

925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். தாலரின் தரம் ஆயிரத்துக்கு 833. அதை உருக்கிச் செய்த நகை 925 காட்டாது. முத்திரை இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நூலை அறுத்துக் கழுவுவது

சனா பழைய கடைத்தெருவில், எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரிடம் மூன்று மாதம் தவணை கட்டி ஒரு கழுத்தணி வாங்கினேன். கருத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. நம் வீடுகளில் வெள்ளி கருத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போமே, அந்தக் கை சும்மா இருக்குமா? நூலை அறுத்தேன், எல்லாவற்றையும் கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் போட்டேன். அதில் அமிலம் உண்டு. பவளம் சுண்ணாம்புப் பொருள். எடுத்துப் பார்த்தபோது பவளத்தின் மினுக்கம் போய்ச் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது.

பவளம் போனதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ஒரே நூலில் வருஷக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த மணிகள் ஒன்றையொன்று தேய்க்கும். வெள்ளிக் குண்டின் விளிம்பு பவளத்தில் சின்னக் குழி போட்டிருக்கும். அந்தக் குழியும் விளிம்பும் பொருந்தினால், அந்த இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தவை. பொருந்தாவிட்டால், நாலு உடைந்த நகைகளிலிருந்து எடுத்து யாரோ விற்பதற்காகக் கோத்தது. அழுக்கேறிய பருத்தி நூல், முடிச்சு, குண்டுகளின் இடுக்கில் படிந்த கருப்பு, இவைதான் சாட்சி. நான் வரிசையைப் படம்கூட எடுக்கவில்லை. என் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தபடி நைலானில் கோத்தேன்.

ஒரு மாதம் கழித்து அதே பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, எங்கே வாங்கினே?" என்று கேட்டார். அவர் கடைப் பொருள் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை.

தொடுவதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு மணியின் ஓரம் என்று படம் எடுங்கள். தூசிக்கு மெல்லிய பிரஷ் போதும்.

நுணுக்கமான வேலை எல்லாம் 'பவ்சானி'

பவ்சானி என்பது கம்பி வேலைக்கும், பொடிப்பொடி வெள்ளிக் குண்டுகளைத் தகட்டில் பற்றவைக்கும் பொடிக்குண்டு வேலைக்கும் பேர்போன ஒரு யூதத் தட்டார் குடும்பத்தின் பெயர். இன்று விற்பவர்கள் எதற்கும் அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். ஏமனின் வெள்ளி வேலையில் பெரும்பகுதி யூதத் தட்டார்கள் கையில் இருந்தது. 1949-50இல் சுமார் 49,000 யூதர்கள் ஏடன் வழியாக விமானத்தில் இஸ்ரேல் போனார்கள். அங்கே போயும் பலர் இதே வேலையைச் செய்தார்கள். அதற்கு முன்பே, 1906இல் தொடங்கிய ஜெருசலேம் பெசலேல் கலைப் பள்ளியிலும் ஏமன் தட்டார்கள் இருந்தார்கள். அதனால் ஏமன் கை என்பதும் ஏமனில் செய்தது என்பதும் வேறு வேறு.

அப்புறம், வார்ப்பு, அதாவது அந்த வேலையை அச்சில் ஊற்றி எடுத்த நகல். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பற்றவைத்த பொடிக்குண்டு அடியில் ஒரு புள்ளியில்தான் தொடும், சுற்றிலும் இருட்டான இடுக்கு தெரியும். வார்த்ததில் இடுக்கே இருக்காது, கொப்புளம் மாதிரி தகட்டோடு ஒட்டிக் கிடக்கும்.

மஞ்சள் மணியைச் சுட்ட ஊசியால் குத்துவது

அம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) தானா என்று பார்க்கச் சிலர் இப்படிச் செய்வார்கள். வேண்டாம். பல மணிகள் செயற்கைப் பிசின்தான், ஏமன் பெண்களே விரும்பி அணிந்தவை. அம்பர் இல்லை என்பதால் நகை போலி ஆகாது.

தாயத்துக் கூட்டை நெம்பித் திறப்பது

செய்யாதீர்கள்.

தம்பியிடம் பழைய நூலை என்ன செய்தார் என்று கேட்டேன். குப்பையில் போடவில்லையாம், ஒரு கவரில் கிடக்கிறதாம். வாங்கிய அன்று கடைக்காரர் அனுப்பிய படமும் போனில் இருக்கிறது. சரி, இரண்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.