தொலைநோக்கி பூட்டினால் ஸ்னைப்பரா? எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைநோக்கி பூட்டிய துப்பாக்கியோடு ஒரு சிப்பாயின் படம் வந்தால் போதும், கொழும்பிலிருந்து எழுதும் நம்மில் பலர் கீழே ‘ஸ்னைப்பர்’ என்று போட்டுவிடுகிறோம். செய்தி எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், கதை எழுதுபவர் எல்லாரும் விடும் பிழை இது. துப்பாக்கி யார் கையிலும் இருக்கலாம். தனிப் பயிற்சிநெறி ஒன்றை முடித்து, அதன் சோதனைகளில் தேறியவருக்குத்தான் படை அந்தத் தகைமையைக் கொடுக்கிறது.

அதிகம் குழப்புவது ட்ரகுனோவ். 1963இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கியின் முழுப் பெயரிலேயே ‘ஸ்னைப்பர்’ உண்டு. ஆனால் காலாட்படையோடு கூடவே நகர்ந்து, மற்றவர்களின் ரவை எட்டாத தூரத்தைக் கவனிக்கும் குறிசுடுநருக்குத்தான் அது பெரும்பாலும் கொடுக்கப்பட்டது. அவர் தன் அணியை விட்டுப் பிரிவதில்லை. ஸ்னைப்பரோ சோடியாகப் பிரிந்து போய், மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து, கண்டதை அறிவிப்பவர். சுடுவது அந்த வேலையில் சிறு பங்குதான். மறுபக்கம், 1939-40 குளிர்காலப் போரில் பெயரெடுத்த பின்லாந்து ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹா தொலைநோக்கியே பூட்டவில்லை.

அடுத்த பிழை தூரக் கணக்கு. கதைகளில் குறுக்குக்கோடு நெஞ்சில் பட்டதும் விசை அழுத்தப்படும். உண்மையில் முதலில் தூரம் தெரிய வேண்டும். இலக்கின் உயரத்தை மீற்றரில் எடுத்து 1000ஆல் பெருக்கி, தொலைநோக்கிக் கண்ணாடியில் தெரியும் மில் (அதில் குறித்திருக்கும் சிறு கோண அலகு) அளவால் வகுப்பார்கள். 1.7 மீற்றர் ஆள் 4 மில் தெரிந்தால் 425 மீற்றர். அதையே 3.5 என்று வாசித்தால் விடை 486. அந்த அரை மில் பிசகுக்கே 7.62 மில்லிமீற்றர் ரவை ஏறத்தாழ ஓரடி மேலே போய்விடும்.

காற்று இன்னும் கடினம். பின்னேரம் காலிமுகத்திடலில் நின்று பாருங்கள்: மேலே பட்டம் ஒரு பக்கம் இழுக்கும், கீழே வடை வண்டிப் புகை வேறு பக்கம் சாயும். சுடுபவர் இடத்துக்கும் இலக்குக்கும் இடையே இப்படி மாறும் காற்றை, புல்லின் அசைவிலும் வெப்ப அலையிலும் வாசித்துச் சொல்வது சோடியில் மற்றவரின் பொறுப்பு. ‘தனி ஓநாய்’ என்று எழுதும்போது இவர் காணாமல் போய்விடுகிறார்.

நன்றாகச் சுடுபவர்களும் தோற்கும் இடம் ஊர்ந்து நெருங்கும் சோதனை. பயிற்சியாளர்கள் கண்ணாடியோடு தேடிக்கொண்டிருக்க, அவர்களை ஏறத்தாழ 200 மீற்றருக்குள் அணுகி, வெற்று ரவை சுட்டும் பிடிபடக்கூடாது. காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். உடையில் செருகிய இலை வாடிச் சுருளும்; சில இலைகளின் அடிப்பக்கம் வெளிறித் தெரியும். பற்றையிலிருந்து புல்வெளிக்கு வந்தும் பழைய தழையை மாற்றாதவர் தனியே தெரிவார். குழல் நிலத்துக்கு மிகக் கிட்ட இருந்தால் வெடியின் காற்றில் புல் ஆடும், புழுதி கிளம்பும்.

கொன்றோர் எண்ணிக்கையைத் தகைமையாக எழுதுவதையும் விட்டுவிடுங்கள். எந்தத் தேர்விலும் அதற்குப் புள்ளி இல்லை. போரில் உறவுகளை இழந்தவர்களும் நம் எழுத்தை வாசிக்கிறார்கள். படத்திலிருப்பவரின் பயிற்சி பற்றித் தெரியாவிட்டால் ‘தொலைநோக்கித் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்’ என்று போடுங்கள்.