மேசைக்கடியில் இருக்கும் சர்வரைக் கிளவுடுக்கு மாற்றுவது எப்படி?

சென்னையின் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு வட்டாரத்துச் சரக்கு ஏஜென்சிகளில் மேசைக்கடியில் ஒரு சர்வர் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்காலம் வந்தால் அதைத் தூக்கி அலமாரிமேல் வைப்பதே ஒரு வேலை. எங்கள் அலுவலகத்தில் டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்த கணக்கையும் ஸ்கேன் செய்த பில்களையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு, மாற்றிய வழியை எழுதுகிறேன். கிளவுட் தளத்தில் கணக்குத் திறப்பதையும் கார்டு பதிவதையும் அந்தந்தத் தளமே சொல்லித்தரும்.

முதல் படி: மண்டலம்

சர்வர் எந்த ஊரில் இருக்கப்போகிறது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அமெரிக்காவில் போய் உட்கார்ந்துவிடலாம். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் மண்டலங்கள், அதாவது சர்வர் மையங்கள், உள்ளன. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே ஒன்று உண்டு. நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவானவர்கள் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் வந்த விதி. என் விருப்பம் அமேசான் மும்பை. பேக்கப்பின் இன்னொரு பிரதி ஹைதராபாத்தில்.

இரண்டாம் படி: தரவை ஏற்றுதல்

நாங்கள் திணறியது இங்கேதான். இணைய இணைப்பை விற்பவர் சொல்லும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகத்தைத் தனியாகச் சோதியுங்கள். அது 10 மெகாபிட் என்றால் விநாடிக்கு 1.25 மெகாபைட்தான் போகும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். மணிக்கு 4.5 ஜிகாபைட். 200 ஜிகாபைட் ஸ்கேன் ஃபைல்களுக்கு 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் மின்சாரம் போனால், பிரௌசர் வழியாக ஏற்றுகிறவர் எது போனது, எது போகவில்லை என்று தேடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதனால் ஆர்குளோன் (rclone) என்ற இலவச மென்பொருளை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். மறுபடி ஓட்டினால், ஏற்கெனவே போன ஃபைல்களைத் தாண்டிச் சென்று மீதியை மட்டும் ஏற்றும். பகலில் வேகத்தைக் குறைத்து, இரவில் முழு வேகம் கொடுக்கும்படி நேரம் குறிக்கலாம். முடிந்ததும் அதன் ‘செக்’ கட்டளையை ஓட்டி இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டாலி தரவை மட்டும் கடைசியில், எல்லாக் கணினிகளிலும் டாலியை மூடிவிட்டு ஏற்றுங்கள். யாராவது பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த பிரதியை நம்ப முடியாது.

மூன்றாம் படி: புதிய சர்வர்

கிளவுடில் வாடகைக்கு எடுத்த விண்டோஸ் சர்வர் எழுந்ததும் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். உலகப் பொது நேரத்தில், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். விண்டோஸின் நேரப் பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டாலியின் திருத்தப் பதிவுகளில் நேரமெல்லாம் தவறாக விழும். தணிக்கையாளர் கேட்கும்போது விளக்கம் சொல்லி மாளாது.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் 3389 என்ற வாசலை (போர்ட்) உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தின் இணைய (ஐபி) முகவரிக்கு மட்டும், அல்லது விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பின் வழியாக மட்டும் திறக்கட்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் தேடி அலைவது இந்த வாசலைத்தான்.

நான்காம் படி: செலவு

ஓடும் மணிக்கெல்லாம் காசு. தினம் 11 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 286 மணி நேரம். நிறுத்தாமல் விட்டால் 720. இரவில் தானாக நிற்கும்படி அமைத்துவிடுங்கள். நிறுத்திய பிறகும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு. தொகை எல்லை தாண்டினால் மின்னஞ்சல் வரும் எச்சரிக்கையை முதல் நாளே வையுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் கேட்டது. சுங்க ஆவணங்களில் டிஜிட்டல் கையொப்பமிடும் யுஎஸ்பி டோக்கனை மும்பையில் இருக்கும் சர்வரில் செருக முடியாது. கையொப்பத்துக்கென்று ஒரு கணினியை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வதுதான் சிக்கலில்லாத வழி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அச்சடிப்பவர்கள், ரிமோட் இணைப்பின் அமைப்பில் ‘பிரிண்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு பில்லை அச்சிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தாளின் நீளம் மாறிவிட்டால் இரண்டாவது பில் பாதியில் தொடங்கும்.

பழைய சர்வரை உடனே விற்றுவிடாதீர்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் என்றால், அடுத்த 20ஆம் தேதிக்குரிய ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்தரப் படிவத்தைப் புதிய சர்வரில் இருக்கும் கணக்கை வைத்தே தாக்கல் செய்து, பேக்கப்பிலிருந்து ஒரு கம்பெனியின் தரவை மீட்டெடுத்தும் பார்த்த பிறகு விற்கலாம்.