பிராக் குளிர்கால நடை: அண்ணாந்தே நடக்காதீர்கள்

டிசம்பரில் செக் நாட்டின் தலைநகரான பிராக் நகருக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பது. அந்தக் கோபுரங்கள் அப்படி இழுக்கும், சரிதான். ஆனால் காலுக்குக் கீழே இருப்பது தார்ச்சாலை இல்லையே. கைக்குள் அடங்கும் வெள்ளை, சாம்பல், சிவப்புக் கற்களைக் கோலம் போட்டதுபோல் பதித்த நடைபாதை அது. பகலில் உருகும் பனி, இருட்டியதும் அந்தக் கற்களின் மேல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். பார்த்தால் வெறும் ஈரமாகத்தான் தெரியும். கோட்டையிலிருந்து நெருதோவா தெருச் சரிவில் இறங்கும்போது ரொம்பக் கவனம் வேண்டும். அடிப்பாகம் தேய்ந்த ஷூ ஆகவே ஆகாது. அடிப்பாகத்தில் ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ள, தண்ணீர் புகாத பூட்ஸ் போடுங்கள். எட்டிப் போடாமல், பாதம் முழுவதும் பதிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்தால் சறுக்கும்போது ஊன்ற முடியாது. அதனால் கையுறையை மறக்கக் கூடாது.

கீழே பார்த்து நடக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய நகரச் சதுக்கத்தில், நகர மன்றக் கோபுரத்தின் அடியில், 27 வெள்ளைச் சிலுவைகள் தரைக்கல்லோடு கல்லாகப் பதிந்திருக்கின்றன. ஆஸ்திரிய அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க்கின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று அங்கேதான் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். கோபுரத்தின் இன்னொரு பக்கம் 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை வரும் பொம்மைகளைப் பார்க்க ஓடுகிறவர்கள் அந்தச் சிலுவைகளை மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

யூதர்கள் வாழ்ந்த யோசெஃபோவ் பகுதியில் சில வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கும். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் கொண்டுபோன ஆண்டு, இறந்த இடம். நாலைந்து வரிதான். மேலே பனி படிந்திருந்தால் கையுறையால் துடைத்துவிட்டுப் படியுங்கள். வென்சஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில், தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னால், நடைபாதை ஓரிடத்தில் புடைத்து எழும்ப, ஒரு வெண்கலச் சிலுவை படுத்த நிலையில் கிடக்கும். சோவியத் படைகள் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த பிறகு மக்கள் சோர்ந்து அடங்கிப்போவதைப் பொறுக்காமல், யான் பலாக் என்ற மாணவர் 1969 ஜனவரி 16 அன்று அந்தச் சதுக்கத்தில் தீக்குளித்தார். ஜனவரியில் போனால் அங்கே மெழுகுவத்திகள் எரிவதைப் பார்க்கலாம். தயவுசெய்து செல்ஃபிக்காக அதன் மேல் ஏறி நிற்காதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. டிசம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டு மணி வாக்கில்தான் உதிக்கும், மாலை நாலுக்கே மறைந்துவிடும். பத்து மணி வரை ஓட்டலில் உட்கார்ந்திருந்தால் கால்வாசிப் பகல் போச்சு. சார்லஸ் பாலத்தில் விடியலைப் பார்க்க இந்தக் காலத்தில் ஏழரைக்குப் போனாலே போதும். 516 மீட்டர் நீளப் பாலம் ஏறக்குறைய உங்களுக்கே. கோடையில் இது நடக்கவே நடக்காது.

டிராம் விஷயத்தில் ஒரு தவறு உயிருக்கே ஆபத்து. வரிக்குதிரைக் கோட்டில் காலை வைத்தால் கார் நிற்க வேண்டும், டிராமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே முன்னுரிமை டிராமுக்குத்தான். குல்லாயால் காதை மூடிக்கொண்டு நடக்கிறவர்கள் கட்டாயம் இருபுறமும் பார்த்தே கடக்க வேண்டும். அப்புறம், காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. ஏறியதும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை போடாவிட்டால் அபராதம்.

சின்னக் கடைக்குள் நுழைந்ததும் பேசாமல் பொருளைத் தடவிப் பார்ப்பதும் அங்கே மரியாதைக் குறைவு. முதலில் ‘தோப்ரீ தென்’ என்று வணக்கம் சொல்லுங்கள். ‘அஹோய்’ நண்பர்களுக்கான சொல், தெரியாதவர்களிடம் வேண்டாம்.

சதுக்கத்துக்குச் சதுக்கம் சுட்டு விற்கும் திர்தெல்னீக் என்ற உருளை இனிப்பைப் பழைய பிராக் பண்டம் என்று நம்பி வாங்காதீர்கள். பேர்பெற்ற திர்தெல்னீக் ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊருடையது. பிராக் தெருக்களில் அது பரவியது அண்மைக் காலத்தில்தான். உண்மையான ஊர்க்காட்சி வேண்டுமென்றால், கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்பு மக்கள் குடியிருக்கும் பகுதிகளுக்கு நடந்து போங்கள். தெருமுனையில் பெரிய தொட்டிகளில் கெண்டை மீன்கள் உயிரோடு நீந்தும். ரப்பர் ஏப்ரன் கட்டியவர் வலையால் அள்ளி, எடை போட்டு, அங்கேயே வெட்டித் தருவார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேமராவை நீட்டாதீர்கள், வரிசையில் நிற்பவர்களுக்கு அது பண்டிகைச் சாப்பாடு. 24-ஆம் தேதி இரவு வறுத்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்ட பிறகு, மீனின் ஒரு செதிலை எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள், வருஷம் முழுவதும் பணம் தங்குமாம்.